டிஜிட்டல் ட்வின்: ‘எண்ணிம இரட்டை’யா, ‘உடனுரு’வா?

அன்புள்ள நண்பர்களுக்கு வணக்கம்.

திறன்மிகு உற்பத்தி குறித்த நம் சொற்பட்டியலில் இன்னும் முடிவு காணாமல் நிற்கும் ‘டிஜிட்டல் ட்வின்’ (ஓர் எந்திரத்தோடு தரவால் இணைந்து, அதனோடு சேர்ந்து மாறும் கணினி உரு) என்பதற்கு, சென்ற வாரம் ‘எண்ணிம இரட்டை’, ‘மின்னிலக்க இரட்டையர்’, ‘எண்ணிம இணை’, ‘மெய்நிகர் நகல்’ ஆகிய நான்கு சொற்கள் முன்வைக்கப்பட்டன. நான்கையும் சில நாள் வாக்கியங்களில் இட்டு எழுதிப் பார்த்த பிறகே இம்மடலை எழுதுகிறேன். என் முன்மொழிவு ‘உடனுரு’. காரணங்களைச் சொல்வதற்கு முன், ஓர் எந்திரத்தை முன்னால் வைத்துக்கொண்டு அக்கருத்து எதைக் குறிக்கிறது என்று பார்த்துவிட விரும்புகிறேன். சொல்லில் தொடங்கிப் பொருளுக்குப் போனால், ஆங்கிலச் சொல்லுக்குள் இருக்கும் உவமையை மொழிபெயர்ப்பதோடு நம் வேலை நின்றுவிடும்.

கணினி ஆணைப்படி உலோகத்தைச் செதுக்கும் ஒரு சி.என்.சி. மில்லிங் எந்திரத்தை எடுத்துக்கொள்வோம். அதன் முப்பரிமாண வடிவமும், கட்டரைச் சுழற்றும் தண்டான ஸ்பிண்டிலின் விறைப்பும், அச்சுகள் நகரக்கூடிய எல்லையும் ஒரு கணினிக் கோப்பில் இருக்கின்றன. எந்திரத்தில் ஏதேனும் மாறினால் பொறியாளர் அதைப் பார்த்துக் கோப்பைக் கையால் திருத்துகிறார். கோப்பில் ஒன்றைச் சோதித்து நன்று என்று தோன்றினால் எந்திரத்திலும் கையால்தான் மாற்றுகிறார். இது முதல் நிலை. அடுத்து, ஸ்பிண்டில் பேரிங்கின் அருகே அதிர்வு உணரியும் வெப்ப உணரியும் பொருத்தி, மோட்டார் இழுக்கும் மின்னோட்டத்தின் அளவையும் சேர்த்துத் தொடர்ந்து கணினிக்கு அனுப்புகிறோம். இப்போது எந்திரத்தில் நடப்பது கணினியில் தானாகத் தெரிகிறது. ஆனால் கணினி கண்டறிந்தது எந்திரத்துக்குத் தானாகத் திரும்புவதில்லை. மூன்றாம் நிலையில் அதுவும் நிகழ்கிறது. கட்டர் எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்பதை அதிர்விலிருந்தும் மின்னோட்டத்திலிருந்தும் கணினியிலுள்ள உரு கணித்து, ஃபீடை (வெட்டு முன்னேறும் வேகத்தை) குறைக்கவோ ஆஃப்செட்டை (கட்டரின் அளவுக்கேற்ற ஈட்டை) திருத்தவோ எந்திரத்தின் கட்டுப்பாட்டகத்துக்கு நேரே ஆணை அனுப்புகிறது. அந்த மாற்றத்தின் விளைவு உணரிகள் வழியே மறுபடியும் அதனிடமே வந்து சேர்கிறது.

இம்மூன்றையும் பிரித்துப் பெயரிட்ட கட்டுரை 2018-இல் வெர்னர் கிரிட்சிங்கரும் அவருடைய உடனாய்வாளர்களும் எழுதியது. தரவு எத்திசையில் தானாக ஓடுகிறது என்பது ஒன்றையே அளவுகோலாகக் கொண்டு, அவர்கள் முதலாவதை டிஜிட்டல் மாடல் என்றும், இரண்டாவதை டிஜிட்டல் ஷேடோ என்றும், மூன்றாவதை மட்டுமே டிஜிட்டல் ட்வின் என்றும் வகுத்தார்கள். அதுவரை வெளிவந்த உற்பத்தித்துறை ஆய்வுகளை இந்த அளவுகோலால் அளந்தபோது, ட்வின் என்று தம்மை அழைத்துக்கொண்டவற்றில் பல உண்மையில் மாடலாகவோ ஷேடோவாகவோ இருந்தன. இத்துறையில் ஆய்வுக்கட்டுரை படிக்கும் எவருக்கும் இந்தக் குழப்பம் பழக்கமானதே. ஆங்கிலத்தில் காலங்கடந்து தெளிவுபெற்ற வேறுபாட்டைத் தமிழில் தொடக்கத்திலேயே கட்டமைத்துக்கொள்ளும் வாய்ப்பு நமக்கு இருக்கிறது. ஆகவே ஒரு சொல்லைத் தனியே முடிவுசெய்யாமல் மூன்றையும் ஒருசேர முடிவுசெய்ய வேண்டும் என்பதே இம்மடலில் நான் வலியுறுத்துவது.

ஷேடோ என்பதைக் குறைபட்ட ட்வின் என்று எண்ணிவிடக் கூடாது என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். ஜெர்மனியின் ஆகன் நகரத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் 2019-இல் தொடங்கிய ‘உற்பத்தியின் இணையம்’ என்ற பெரும் ஆய்வுத்திட்டத்துக்கு ஷேடோவே மையக் கருத்து. ஓர் ஆலையின் எல்லாத் தரவையும் எல்லோருக்கும் அனுப்ப முடியாது. ஒரு குறிப்பிட்ட முடிவை எடுக்க வேண்டியவருக்கு, அந்த முடிவுக்குத் தேவையானதை மட்டும் தொகுத்துச் சுருக்கித் தருவது அவர்கள் பார்வையில் நிழல். கிரிட்சிங்கரின் நிழல் ஒருவழி ஓட்டத்தைக் குறிக்க, ஆகனின் நிழல் நோக்கத்துக்கேற்ற சுருக்கத்தைக் குறிக்கிறது. நிழல் பொருளிலிருந்து மட்டுமே விழும், அதே வேளை பொருளின் எல்லா விவரத்தையும் காட்டாது என்பதால், தமிழில் ‘நிழல்’ என்ற சொல் இரண்டு பொருளையும் இடறின்றித் தாங்குகிறது. அதைப் பற்றி மேலும் விவாதிக்க வேண்டியதில்லை என்று நினைக்கிறேன்.

ட்வினுக்கு வருவோம். மைக்கேல் கிரீவ்ஸ் இக்கருத்தை 2002-இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் முன்வைத்தபோது அதற்கு இந்தப் பெயர் இல்லை. தொடக்க ஆண்டுகளில் அவர் கண்ணாடிப் பிரதிபலிப்பை ஒட்டிய பெயர்களையே பயன்படுத்தினார். ‘ட்வின்’ என்ற பெயரை நாசாவின் ஜான் விக்கர்ஸ் தந்ததாகக் கிரீவ்ஸே எழுதியிருக்கிறார். 2010-இல் வெளிவந்த நாசாவின் தொழில்நுட்ப வழித்திட்டத்தின் மூலம் அது பரவியது. விண்வெளித்துறையில் அந்தப் பெயருக்கு ஒரு நியாயம் இருந்தது. 1970 ஏப்ரலில் அப்பல்லோ 13 கலத்தின் ஆக்சிஜன் தொட்டி வெடித்தபோது, ஹூஸ்டனிலும் ஃபுளோரிடாவிலும் இருந்த பயிற்சிக் கலங்களை வானிலிருந்த கலத்தின் நிலைக்கேற்ப மாற்றி, திரும்பிவரும் வழிமுறைகளைத் தரையில் ஒத்திகை பார்த்தார்கள். அங்கே மேலே ஒன்று, கீழே ஒன்று என உண்மையாகவே இரண்டு இருந்தன. ஆலையில் இருப்பது ஓர் எந்திரமும், அதைப் பற்றிய தரவும் கணக்கும் சேர்ந்த ஓர் உருவும் மட்டுமே.

ஜெர்மானியர், பிரெஞ்சுக்காரர், சீனர் எல்லோரும் தத்தம் மொழியில் ‘இரட்டைப்பிள்ளை’ என்ற பொருளிலேயே சொல் அமைத்திருக்கும்போது தமிழ் மட்டும் ஏன் விலக வேண்டும் என்று கோவை நண்பர் கேட்டிருந்தார். நியாயமான கேள்வி. அவர்கள் மொழிகளில் அச்சொல் குழப்பம் விளைவிப்பதில்லை, நம்மிடம் விளைவிக்கிறது. தமிழில் ‘இரட்டை’ என்பது எண்ணோடும் இலக்கத்தோடும் சேர்ந்து ஏற்கெனவே வேறு பொருள்களில் வேரூன்றிவிட்டது. ‘இரட்டை எண்’ என்றால் இரண்டால் மீதியின்றி வகுபடும் எண். ‘இரட்டை இலக்கம்’ என்றால் பத்து முதல் தொண்ணூற்றொன்பது வரை. அப்படியிருக்க ‘எண்ணிம இரட்டை’, ‘இலக்க இரட்டை’ என்று எழுதினால், பள்ளிக் கணக்கு படித்த மாணவர் முதலில் போய் நிற்குமிடம் தவறான இடமாகத்தான் இருக்கும். ‘இரட்டையர்’ என்பதில் உயர்திணை விகுதியே தடை. எந்திரத்துக்கு அது பொருந்தாது. மனிதருக்கோ அளவுக்கு மீறிப் பொருந்துகிறது. ஐரோப்பிய ஆணையம் 2021-இல் ஐந்தாம் கட்டத் தொழில்துறை (இண்டஸ்ட்ரி 5.0) பற்றிய அறிக்கையில் மனித மையப் பார்வையை முன்வைத்ததை அடுத்து, பணியாளரின் உடற்சோர்வையும் வேலைச்சுமையையும் கணிக்கும் மனித டிஜிட்டல் ட்வின் பற்றிய ஆய்வுகள் பெருகிவருகின்றன. ‘தொழிலாளியின் எண்ணிம இரட்டையர்’ என்று ஒரு தொழிற்சங்கத் துண்டறிக்கையில் எழுதிப் பாருங்கள். அவருக்கு இரட்டைக் குழந்தைகள் இருப்பதாகவே படிப்பவர் நினைப்பார்.

‘இரட்டை’ என்ற சொல்லுக்கு ஆதரவாக இரட்டைக்கிளவியைச் சான்று காட்டிய அம்மையாரின் மடலை மிகவும் விரும்பிப் படித்தேன். ‘இரட்டைக்கிளவி இரட்டிற் பிரிந்திசையா’ என்ற தொல்காப்பிய நூற்பாவின்படி ‘சலசல’ என்பதைப் பிரித்தால் பொருள் இல்லை. அதுபோல எந்திரத்திலிருந்து பிரித்தால் அதன் கணினி உருவுக்குப் பொருள் இல்லை என்பது அவர் வாதம். அழகான ஒப்புமைதான், ஆனால் பாதிதான் பொருந்துகிறது. இரட்டைக்கிளவியில் இரு பாதியும் ஒன்றையொன்று சார்ந்தவை. இங்கே உரு எந்திரத்தைச் சார்ந்தது. எந்திரம் உரு இல்லாமலும் ஓடும். இருபது ஆண்டாக எந்த உணரியும் இல்லாமல் ஓடிக்கொண்டிருக்கும் லேத்துகள் எத்தனையோ உள்ளன. இந்தச் சமமின்மை சொல்லில் தெரிய வேண்டும்.

‘இணை’யை நான் முதலில் விரும்பினேன். ஆனால் அது பெயராக மட்டும் நில்லாமல் ஏவல் வினையாகவும் நிற்பதால், கட்டுப்பாட்டுத் திரையில் ‘எண்ணிம இணை’ என்று ஒரு பொத்தான் இருந்தால் அது பொருளின் பெயரா, ‘இணைத்திடு’ என்ற கட்டளையா என்று தெரியாது. போதாக்குறைக்கு இணையம், இணைப்பு, இணைகோடு, இணைப் பேராசிரியர் என அச்சொல் ஏற்கெனவே பெருஞ்சுமை சுமக்கிறது. ‘நகல்’ எடுத்த கணத்தில் மூலத்தோடு உறவு அறுந்துபோவது. நாம் பெயரிட முயலும் பொருளின் உயிர்நிலையே அந்த உறவு அறாமல் இருப்பதுதான்.

அந்த உறவைத்தான் நெறிமுறை ஆவணங்களும் வரையறையின் நடுவில் வைக்கின்றன. உற்பத்தித்துறைக்கென 2021-இல் நான்கு பகுதிகளாக வெளிவந்த ஐ.எஸ்.ஓ. 23247 என்ற பன்னாட்டுத் தர நெறிமுறை, கண்காணிக்கத்தக்க உற்பத்திக் கூறுக்கும் அதன் டிஜிட்டல் உருவகத்துக்கும் இடையே ஒத்திசைவு இருக்க வேண்டும் என்கிறது. அந்த உருவகம் முழுமையாக இருக்க வேண்டும் என்று கேட்பதில்லை, நோக்கத்துக்குப் போதுமானதாக இருந்தால் சரி என்கிறது. அதாவது அச்சு அசலாக இருத்தல் முக்கியமன்று, உடன்செல்லுதலே முக்கியம். இங்கிருந்துதான் ‘உடன்’ என்ற சொல் எனக்குக் கிடைத்தது. மூன்றாம் வேற்றுமையின் ‘ஓடு’ உருபுக்கு ‘உடனிகழ்ச்சி’ என்று ஒரு பொருளை நம் இலக்கணம் வகுத்திருக்கிறது. ‘தாயோடு குழந்தை வந்தது’ என்னும்போது இரண்டும் சேர்ந்து நிகழ்கின்றன. ஆனால் இரண்டும் ஒன்றல்ல, சமமும் அல்ல. எந்திரத்தோடு உடன்நிகழும் உரு என்பதால் உடனுரு. முதல் நிலைக்கு மாதிரியுரு, இரண்டாவதற்கு நிழலுரு, மூன்றாவதற்கு உடனுரு என்று வைத்தால், ஒரே ஈற்றைக் கொண்ட மூன்று சொற்களில் முன்பாதியே தரவு ஓட்டத்தின் தன்மையைச் சொல்லிவிடும். சென்னையில் எண்ணிமம், சிங்கப்பூரில் மின்னிலக்கம், இலங்கையில் இலக்கமுறை என்று பிரிந்து கிடக்கும் முன்னொட்டு இம்மூன்றுக்கும் தேவையே இல்லை என்பது கூடுதல் ஆறுதல்.

எதிர்ப்புகளை நானே எழுப்பிப் பார்த்தேன். ‘உடன்’ என்பதற்கு இன்றைய வழக்கில் ‘உடனடியாக’ என்ற பொருளும் உண்டு. ஸ்பிண்டிலுக்கு அது நன்மையே; அங்கே மில்லிவினாடிகள்கூட முக்கியம். ஆனால் ஒரு பாலத்தின் உருவோ கொதிகலனின் உருவோ நாளுக்கு ஒருமுறை புதுப்பிக்கப்பட்டாலும் போதும். 2023-இல் வந்த ஐ.எஸ்.ஓ./ஐ.இ.சி. 30173 என்ற கலைச்சொல் நெறிமுறையும் ‘தகுந்த வேகத்தில்’ ஒத்திசைந்தால் போதும் என்கிறது. ஆகவே ‘உடனுக்குடன்’ என்ற சாயல் சிலரைத் தவறாக நினைக்கவைக்கலாம். வரையறையில் ஒரு வரி சேர்த்து இதைச் சரிசெய்யலாம் என்பது என் எண்ணம். இதைவிடக் கடினமான எதிர்ப்பு ஒன்று உண்டு. எந்திரம் பிறக்கும் முன்பே வடிவமைப்பு நிலையில் இருக்கும் உருவையும் கிரீவ்ஸ் ஒருவகை ட்வின் என்றே கொள்கிறார். உடன்செல்ல எதுவும் இல்லாத நிலையில் அதை உடனுரு என்று அழைக்க முடியாது. நெறிமுறை வழி நின்று அதை மாதிரியுரு என்றே வைத்துக்கொள்வோம் என்று நான் சொல்வேன். கிரீவ்ஸின் கட்டுரையை மொழிபெயர்ப்பவருக்கு இது இடைஞ்சல் தரும் என்பதை மறைக்கவில்லை.

‘டிஜிட்டல் ட்வின்’ என்றே எழுதிவிடலாமே என்று பட்டறையில் பணியாற்றும் நண்பர் எழுதியிருந்தார். பேச்சில் அப்படியே சொல்வோம். அதில் எனக்குத் தடையில்லை. ஆனால் ஷேடோவுக்கும் ட்வினுக்கும் உள்ள வேறுபாட்டை முதன்முதலாகப் படிக்கும் பாலிடெக்னிக் மாணவருக்கு இரண்டுமே ஒலிக்கூட்டங்களாகத்தான் இருக்கும்; நிழலுரு, உடனுரு என்றால் ஆசிரியர் விளக்கத் தொடங்கும் முன்பே பாதி விளங்கியிருக்கும்.

சோதனைக்காகச் சில வாக்கியங்கள்: ‘ஸ்பிண்டிலின் உடனுரு, பேரிங் தேய்மானத்தை முன்கூட்டியே கணித்து வேகத்தைக் குறைத்தது.’ ‘ஆலை முழுமைக்குமான உடனுருவை உருவாக்குவதற்கு முன், ஒவ்வொரு நிலையத்துக்கும் நிழலுரு அமைத்தார்கள்.’ ‘பணியாளரின் உடனுருவில் சேரும் தரவு யாருக்குச் சொந்தம்?’ மூன்றும் என் காதுக்குத் தடையின்றி ஒலிக்கின்றன.

வினைவடிவத்தில்தான் இடறுகிறேன். ‘உடனுருவாக்கம்’ என்று எழுதினால், பலர் சேர்ந்து ஒன்றை உருவாக்கும் ‘உடன் உருவாக்கம்’ என்று படிக்க இடமிருக்கிறது, ‘உடனுருவமைத்தல்’ நீண்டுவிடுகிறது. ‘உடனுரு அமைத்தல்’ என்று பிரித்தே எழுதுவதா, இதைவிடச் செறிவான வடிவம் ஏதும் உண்டா என்று இலக்கணம் அறிந்தோர் சொல்ல வேண்டும். அதற்குப் பிறகு, ஜெர்மானியர் ‘மேலாண்மை ஓடு’ என்ற பொருளில் பெயரிட்டிருக்கும் அசெட் அட்மினிஸ்ட்ரேஷன் ஷெல் (எந்திரம் போன்ற ஒன்றைப் பற்றிய தரவைத் தரப்படுத்திய வடிவில் தாங்குவது) என்பதை எடுத்துக்கொள்வோம்; உடனுரு முடிவாகாமல் அதைத் தொட முடியாது.