பெரியப்பாவின் டம்ளரில் சியா விதை

குழு: மேலத்தெரு வீடு
ஞாயிற்றுக்கிழமை

பெரியப்பா, காலை 6:31
(முன்னனுப்பிய செய்தி) தினமும் வெறும் வயிற்றில் 2 ஸ்பூன் சியா விதை. 15 நாளில் ரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு மூன்றும் ஓடிவிடும். மாத்திரையே தேவையில்லை. பத்துப் பேருக்கு அனுப்புங்கள்.

பெரியப்பா, காலை 6:32
நான்கு நாளாகச் சாப்பிட்டு வருகிறேன். வயிறு லேசாக இருக்கிறது. எல்லோரும் தொடங்கலாம்.

கோமதி அத்தை, காலை 6:40
அண்ணா, இது நம் சப்ஜா விதைதானே? நன்னாரி சர்பத்தில் போடுவோமே, அதுதானே? நேற்று மளிகைக் கடையில் சியா என்று கேட்டு வாங்கி வந்தேன். ஊற வைத்தால் அச்சு அசலாகச் சப்ஜா மாதிரியே கொழகொழவென்று ஆகிறது. படம் அனுப்புகிறேன், பாருங்கள்.

(படம்)

நிலா, காலை 6:47
அத்தை, படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். பொட்டலத்தில் மிச்சம் இருப்பது எல்லாமே ஒரே கறுப்பு. சியா அப்படி இருக்காது. சாம்பல், பழுப்பு, வெள்ளை எல்லாம் கலந்து, காடை முட்டை ஓடு போலப் புள்ளியும் கோடுமாக இருக்கும். எவ்வளவு நேரம் ஊற வைத்தீர்கள்?

கோமதி அத்தை, காலை 6:48
ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை.

நிலா, காலை 6:50
அப்படியானால் சந்தேகமே வேண்டாம், சப்ஜாதான். திருநீற்றுப் பச்சிலையின் விதை. தண்ணீர் பட்டதும் பூத்துவிடும். சியா நிதானமாக ஊறும், அரை மணி நேரமாவது வேண்டும். இரண்டும் துளசிக் குடும்பம் என்பதால் அக்காள் தங்கை போல இருக்கின்றன. ஆனால் சியா மெக்சிகோ, குவாத்தமாலா மண்ணின் செடி.

கோமதி அத்தை, காலை 6:52
சியா விலை கொடுத்துச் சப்ஜா வாங்கி வந்திருக்கிறேனே! சாயங்காலம் பொட்டலத்தோடு போய்க் கேட்கிறேன். சப்ஜா கெட்டதில்லை, அது வேறு. ஆனால் கேட்ட பொருளைத் தர வேண்டாமா?

பெரியம்மா, காலை 6:55
நிலா, நீ இருக்கும் நாட்டுப் பொருள் என்பதால் உன்னிடம் சொல்கிறேன். உன் பெரியப்பா இதை ஊற வைப்பதே இல்லை. ஒரு கரண்டியை அப்படியே வாயில் போட்டுக்கொண்டு ஒரு வாய் தண்ணீர் குடிக்கிறார். நேற்று தொண்டையில் நிற்பது போல இருக்கிறது என்று நெஞ்சைத் தடவிக்கொண்டே அரை மணி நேரம் திண்ணையில் உட்கார்ந்திருந்தார். இன்னொன்று. நாளை முதல் ரத்த அழுத்த மாத்திரையை நிறுத்தப் போகிறாராம்.

கவிதா அண்ணி, காலை 6:57
மாமா, மாத்திரையை நிறுத்தாதீர்கள். இன்றும் போட்டுக்கொள்ளுங்கள், நாளையும் போட்டுக்கொள்ளுங்கள். உலர்ந்த சியாவை இனி வாயில் போடவே வேண்டாம். பணிக்குக் கிளம்பிக்கொண்டிருக்கிறேன், பஸ்ஸில் ஏறியதும் விவரமாக எழுதுகிறேன்.

நிலா, காலை 6:58
பெரியப்பா, எனக்குக் கை நடுங்குகிறது. இப்போது தொண்டை எப்படி இருக்கிறது? இட்லி, காபி எல்லாம் சரியாக இறங்குகிறதா?

பெரியப்பா, காலை 7:03
இறங்குகிறது அம்மா. நேற்றோடு சரியாகிவிட்டது. அந்தக் காலத்தில் மெக்சிகோவை ஆண்ட அஸ்டெக் வீரர்கள் ஒரு கைப்பிடி சியாவை வாயில் போட்டுக்கொண்டு நாள் முழுதும் நடந்தார்கள் என்று இன்னொரு செய்தியில் இருக்கிறதே? அவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லையே?

கவிதா அண்ணி, காலை 7:19
பஸ்ஸில் இடம் கிடைத்துவிட்டது. மாமா, சியா தன் எடையைப் போலப் பத்து மடங்குக்கு மேல் தண்ணீரை உறிஞ்சும். டம்ளரிலேயே ஊறி உப்பினால் நல்லது. உணவுக்குழாயில் உப்பினால் அடைப்பு. 2014இல் அமெரிக்காவில் இரைப்பை, குடல் மருத்துவர்களின் மாநாட்டில் ஒரு நோயாளியைப் பற்றி விவரித்தார்கள். 39 வயதுக்காரர். ஒரு மேசைக்கரண்டி உலர்ந்த சியாவைப் போட்டுக்கொண்டு ஒரு டம்ளர் தண்ணீர் குடித்தார். நீங்கள் செய்ததேதான். விதை உள்ளே பசையாகிக் குழாயை அடைத்துக்கொண்டது. எண்டோஸ்கோப்பி செய்துதான் எடுக்க முடிந்தது. அவருக்கு முன்பே அவ்வப்போது விழுங்குவதில் சிரமம் இருந்ததாம். உங்களுக்கும் நேற்று நின்றது போல இருந்ததே, அதை மருத்துவரிடம் சொல்ல வேண்டும். புதன்கிழமை நான் அழைத்துப் போகிறேன். அதற்கு முன் மறுபடி அப்படி இருந்தால் ஒரு நிமிடமும் தாமதிக்காதீர்கள், உடனே கிளம்பிவிடுங்கள்.

நிலா, காலை 7:24
அஸ்டெக் மக்களைப் பற்றிக் கேட்டீர்களே பெரியப்பா, அதற்கு நான் பதில் சொல்கிறேன். இங்கே மெக்சிகோவில், குவாதலஹாரா நகரில் இப்போது சனிக்கிழமை இரவு எட்டு மணி ஆகப்போகிறது, நேரம் இருக்கிறது.

அந்த மக்கள் சியாவை வறுத்து மாவாக்கினார்கள். மக்காச்சோள மாவோடு கலந்து தண்ணீரில் கரைத்துக் குடித்தார்கள், கஞ்சியாகவும் காய்ச்சினார்கள். பெர்னார்டினோ தெ சாகுன் என்ற ஸ்பானியத் துறவி 16ஆம் நூற்றாண்டில் அந்த ஊர்ப் பெரியவர்களைக் கேட்டுக் கேட்டு எழுதி வைத்த பெரிய தொகுப்பில் சியாக் கஞ்சி வருகிறது. நாம் சத்துமாவு கரைப்பது போன்ற வழக்கம் அது.

நிலா, காலை 7:29
இன்னொரு சான்று எனக்கு மிகவும் பிடித்தது. மெண்டோசா ஏடு என்று ஒரு பட நூல் இருக்கிறது. ஸ்பானியர்கள் 1521இல் அஸ்டெக் தலைநகரைப் பிடித்த பிறகு, ஏறக்குறைய 1541இல் எழுதப்பட்டது. இப்போது ஆக்ஸ்ஃபோர்டு நூலகத்தில் இருக்கிறது. எந்த ஊர் தலைநகருக்கு என்ன கப்பம் கட்டியது என்று பக்கம் பக்கமாக வரைந்திருக்கிறார்கள். போர்வை, இறகு, பச்சைக்கல் மணி எல்லாம் வரும். கூடவே மரக் குதிர்கள். மக்காச்சோளம், பீன்ஸ், சியா, கீரை விதை, இந்த நான்கும் குதிர் குதிராகப் போயிருக்கின்றன. நம் தண்டுக்கீரை இனத்தின் விதைதான் அந்த நான்காவது. அரசுக்கு வரியாகக் கட்டிய தானியம் பெரியப்பா, சியா! சோழர் காலத்தில் நெல்லை அளந்து கொடுத்தார்களே, அந்த இடத்தில் வைத்துப் பாருங்கள். அதை யாரோ பதினைந்து நாள் மருந்தாக்கி அனுப்புகிறார்கள் என்றால் எனக்குக் கோபம் வருகிறது.

மைசூர்ச் சித்தப்பா, காலை 7:33
அருமை நிலா. பிறகு ஏன் அது மறைந்துபோனது? நாங்கள் சின்ன வயதில் கேள்விப்பட்டதே இல்லையே.

நிலா, காலை 7:38
முழுதாக மறையவில்லை சித்தப்பா. ஸ்பானியர்கள் கோதுமையும் பார்லியும் கொண்டு வந்தார்கள், சியா வயல்கள் சுருங்கின. கிராமங்களில் மட்டும் விடாமல் வைத்திருந்தார்கள். இந்த ஊர்க்காரர்கள் எலுமிச்சைச் சாற்றில் ஊறிய சியாவைப் போட்டுக் குடிப்பதை நிறுத்தவே இல்லை. சந்தையில் பெரிய கண்ணாடி ஜாடியில் வைத்து, அடியில் தங்கும் விதையை அகப்பையால் கலக்கிக் கலக்கி ஊற்றுவார்கள். வடக்கே மலைப் பள்ளத்தாக்கில் வாழும் ராராமுரி மக்கள் நெடுந்தூரம் ஓடுவதற்குப் பெயர் பெற்றவர்கள். அவர்கள் குடிப்பதும் இதுதான். ஓலினாலா என்ற ஊரில் மரப்பெட்டிகளுக்கு மெருகு ஏற்றச் சியா எண்ணெய் பயன்படுகிறது. அஸ்டெக் மக்கள் பேசிய பழைய நாவாட்டில் என்ற மொழியில் இதன் பெயர் சியன். எண்ணெய்ப் பசை உள்ளது என்று பொருள் சொல்கிறார்கள்.

தாவரப் பெயரில்தான் ஒரு தவறு ஒட்டிக்கொண்டது. 1753இல் ஸ்வீடன் தாவரவியலாளர் லின்னேயஸ் இதற்கு சால்வியா ஹிஸ்பானிகா என்று பெயரிட்டார். ஹிஸ்பானிகா என்றால் ஸ்பெயினைச் சேர்ந்தது. ஸ்பெயினுக்கும் இந்தச் செடியின் பிறப்புக்கும் ஒரு தொடர்பும் இல்லை. பெயர் அப்படியே நிலைத்துவிட்டது.

மைசூர்ச் சித்தப்பா, காலை 7:41
இங்கே மைசூரைச் சுற்றி இப்போது சியா விளைகிறது, தெரியுமா? மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையம் விவசாயிகளுக்கு விதை கொடுத்துப் பழக்கியது. போன வருடம் சாமராஜநகர் போகும் வழியில் ஒரு வயலைப் பார்த்தேன். துளசி வயலோ என்று நினைத்து வண்டியை நிறுத்திக் கேட்டேன்.

நிலா, காலை 7:43
துளசி என்று நினைத்ததில் தவறே இல்லை சித்தப்பா! நான் நவம்பரில் அகாதிக் போயிருந்தேன், இங்கிருந்து ஒரு மணி நேரம். ஹலிஸ்கோ மாநிலத்தில் சியாவுக்குப் பெயர் போன ஊர் அது. தண்டைத் தொட்டால் நான்கு பட்டை, துளசியேதான். ஊதாப் பூக்கதிர்கள் காய்ந்து பழுப்பாக நின்றன. கதிரை உள்ளங்கையில் தேய்த்தால் விதை கொட்டுகிறது. அம்மா ஞாபகம் வந்துவிட்டது.

பெரியம்மா, காலை 7:50
கேட்கவே நன்றாக இருக்கிறது கண்ணு. சரி, சாப்பிடலாமா கூடாதா? அதைச் சொல்லுங்கள்.

கவிதா அண்ணி, காலை 8:06
தாராளமாகச் சாப்பிடலாம் அத்தை. நல்ல உணவு. ஒரு மேசைக்கரண்டி என்பது ஏறக்குறைய 12 கிராம். அதில் நார்ச்சத்து 4 கிராம் கிடைக்கிறது. பெரியவர்களுக்கு ஒரு நாளைக்குக் குறைந்தது 25 கிராம் நார்ச்சத்து வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். என்னிடம் ஆலோசனைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் அதன் அருகில்கூட இல்லை. வெள்ளைச் சோறு, தோசை, மைதா என்றே நாள் போகிறது. மாமாவுக்கு வயிறு லேசாக இருப்பதற்குக் காரணம் இந்த நார்தான், அது உண்மை.

100 கிராம் சியாவில் ஒமேகா 3 கொழுப்பு ஏறக்குறைய 18 கிராம். செடி உணவில் இது மிக அதிகம், ஆளிவிதையும் இதே வரிசையில் நிற்கும். ஆனால் மீனில் இருக்கும் ஒமேகா 3 வேறு வகை. சியாவில் இருப்பதை உடம்பு அந்த வகையாக மாற்றிக்கொள்வது மிகக் கொஞ்சம். மீன் சாப்பிடும் நம் வீட்டில் மத்தியை விட்டுவிட்டு இதைப் பிடித்துக்கொள்ள வேண்டியதில்லை. கால்சியம் 100 கிராமுக்கு 630 மில்லிகிராம் போல. கேட்க மலைப்பாக இருக்கும், ஆனால் யாரும் 100 கிராம் சாப்பிடப் போவதில்லை. ஒரு கரண்டியில் 75தான். எள்ளுருண்டையை மறந்துவிடாதீர்கள்.

பெரியப்பா, காலை 8:11
ரத்த அழுத்தம் குறையும் என்பது பொய்யா கவிதா?

கவிதா அண்ணி, காலை 8:20
முழுப் பொய் இல்லை மாமா. அதனால்தான் இந்தச் செய்தி ஆபத்தானது. 2007இல் டொராண்டோ ஆராய்ச்சியாளர்கள் சர்க்கரை நோயுள்ள 20 பேரை வைத்து 12 வாரம் பார்த்தார்கள். சியா சாப்பிட்ட காலத்தில் ரத்த அழுத்தம் கொஞ்சம் குறைந்தது. ஆனால் அவர்கள் ஏற்கெனவே எடுத்துவந்த சிகிச்சையோடு சேர்த்துத்தான் இதைச் சாப்பிட்டார்கள், அதற்குப் பதிலாக அல்ல. இருபது பேர் என்பது சின்ன எண்ணிக்கையும்கூட. எடை விஷயத்தில் 2009இல் அமெரிக்காவில் தினம் 50 கிராம் வீதம் 12 வாரம் கொடுத்துப் பார்த்தார்கள், எடை குறையவில்லை. 2017இல் வந்த ஆறு மாத ஆய்வில், குறைவான கலோரி உணவோடு சேர்த்தபோது சராசரியாக 2 கிலோவுக்குச் சற்றுக் குறைவாக இறங்கியது.

நீங்கள் ரத்த அழுத்த மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால் அழுத்தம் எகிறலாம் மாமா. அந்தப் பயத்தில்தான் காலையில் அவ்வளவு கடுமையாக எழுதினேன், மன்னியுங்கள்.

பெரியப்பா, காலை 8:24
மன்னிப்பு எதற்கு அம்மா. மாத்திரை போட்டுக்கொண்டுவிட்டேன். பெரியம்மா சாட்சி.

பெரியம்மா, காலை 8:25
போட்டுக்கொண்டார். நானே கையில் கொடுத்தேன்.

கோமதி அத்தை, காலை 8:29
எப்படி ஊற வைப்பது என்று யாராவது ஒழுங்காகச் சொல்லுங்கள். கடைக்காரர் மாற்றிக் கொடுத்தால் நானும் செய்கிறேன்.

நிலா, காலை 8:33
ஒரு கரண்டி சியாவுக்கு ஒரு பெரிய டம்ளர் தண்ணீர் அத்தை. போட்டதும் ஒரு கலக்கு, ஐந்து நிமிடம் கழித்து மறுபடி ஒரு கலக்கு. இல்லாவிட்டால் அடியில் கட்டி பிடிக்கும். அரை மணி நேரம் விடுங்கள், இரவே ஊற வைத்தால் இன்னும் நல்லது. பிறகு எலுமிச்சை பிழிந்து கொஞ்சம் நாட்டுச் சர்க்கரை. மோரிலும் போடலாம், உப்பும் பெருங்காயமும் சேர்த்து நான் செய்து பார்த்தேன், நன்றாகவே இருந்தது. பலூடாவுக்கு மட்டும் சப்ஜாவே போடுங்கள், அந்த மணம் சியாவில் வராது.

கவிதா அண்ணி, காலை 8:36
முதல் வாரம் ஒரு தேக்கரண்டி போதும், எடுத்ததும் அதிகமாகச் சாப்பிட்டால் வயிறு உப்பும். அன்றைக்குத் தண்ணீரும் கூடுதலாகக் குடியுங்கள். சின்ன மாமா, நீங்கள் ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுக்கிறீர்கள், அதனால் உங்கள் மருத்துவரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுத் தொடங்குங்கள். மாமா, உங்களுக்குப் புதன்கிழமை தொண்டையைப் பார்த்த பிறகுதான்.

மைசூர்ச் சித்தப்பா, காலை 8:38
சரி அம்மா, செவ்வாய்க்கிழமை போகிறேன், கேட்டுவிடுகிறேன்.

பெரியப்பா, காலை 8:52
காலையில் அனுப்பிய செய்தியை அழித்துவிட்டேன். எனக்கு அனுப்பிய நண்பரையும் கூப்பிட்டுச் சொன்னேன். அவரும் உலர்ந்ததைத்தான் விழுங்கிக்கொண்டிருந்தாராம்.

பெரியப்பா, காலை 8:54
நிலா, பொட்டலத்திலிருந்து ஒரு சிட்டிகை எடுத்து மாடித் தொட்டியில், துளசிக்குப் பக்கத்தில் தூவியிருக்கிறேன். முளைக்குமா?

நிலா, காலை 8:57
முளைத்துவிடும் பெரியப்பா, நான்கைந்து நாளில் பச்சை தெரியும். ஆனால் பகல் பொழுது குறையும்போதுதான் பூக்கும். ஐப்பசி வரை காத்திருக்க வேண்டும். பூத்ததும் படம் அனுப்புங்கள், அகாதிக் படத்தோடு வைத்துப் பார்க்கிறேன்.