மெமரி ட்ரெய்னிங்: ‘பயிற்சி’யா, ‘சுருதிசேர்ப்பா’?

வணக்கம். புது ரேம் (நினைவகத் துண்டு) போட்டதும் கணினி அதோடு பிழையில்லாமல் பேசத் தன்னைத்தானே சரிசெய்துகொள்ளும் வேலைக்கு ஆங்கிலத்தில் ‘மெமரி ட்ரெய்னிங்’ என்று பெயர். நம் கணினிச் சொற்பட்டியலில் இதற்கு நான் ‘சுருதிசேர்ப்பு’ என்று போட்டிருந்தேன். அதற்கு வந்த மறுப்புகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பதில் சொல்கிறேன்.

> மெமரி ட்ரெய்னிங் = நினைவகப் பயிற்சி. நேரடியான சொல், வேறு தேட வேண்டியதில்லை.

எனக்கு இதில் உடன்பாடில்லை. நேரடியான சொல்தான், ஆனால் அங்கே யாரும் எதையும் பயில்வதில்லை. போதாததற்குச் செயற்கை நுண்ணறிவுக்காரர் ‘பயிற்சி’யை ஏற்கெனவே எடுத்துக்கொண்டுவிட்டார்கள். “நினைவகப் பயிற்சி நடைபெறுகிறது” என்று திரையில் வந்தால் எங்கள் ஏ.எல். (உயர்தர வகுப்பு) பிள்ளைகள் ஞாபகசக்தி வகுப்பு என்றுதான் நினைப்பார்கள்.

நான் திருகோணமலை என்.சி. வீதிப் பக்கம் கணினி திருத்துகிறவன். இந்தச் சொல் எனக்கு அகராதிக்காக அல்ல, வாடிக்கையாளருக்குச் சொல்லத் தேவை. கிண்ணியாத் தம்பி ஒருவர் “ரேம் மாத்தினதும் செத்துப்போச்சு அண்ணா” என்று ஒரு டெஸ்க்டொப்பைத் தூக்கிக்கொண்டு வந்தார். டிடிஆர்5 என்ற புதுத் தலைமுறை ரேம் போடும் தாய்ப்பலகை. இரண்டு 16 ஜிபி இருந்த இடத்தில் இரண்டு 32 ஜிபி. விசிறி சுற்றுகிறது, திரை கறுப்பு, பலகையின் ஓரத்தில் ‘டிரேம்’ (ரேமைக் குறிப்பது) என்று எழுதிய குட்டி விளக்கு மட்டும் எரிகிறது. அவர் அரை நிமிடம் பார்ப்பாராம், பவர் பட்டனை அழுத்திப் பிடித்து நிறுத்துவாராம், திரும்பவும் போடுவாராம். பின்னேரம் முழுக்க இதே வேலை. நிறுத்தும் ஒவ்வொரு தடவையும் உள்ளே நடந்துகொண்டிருந்த வேலை பாதியில் அறுந்து, மறுபடி முதலிலிருந்து தொடங்கியிருக்கிறது. கடையில் நாங்கள் செய்ததெல்லாம் ஒரு பிளேன்டீ குடித்து முடியும்வரை அதைத் தொடாமல் விட்டதுதான். தானாகவே ஒருமுறை அணைந்து எழும்பி, 64 ஜிபி என்று காட்டியது.

அந்த இடைவெளியில் நடப்பது இது. டிடிஆர்5-6000 என்றால் ஒரு தடத்தில் விநாடிக்கு 600 கோடி பிட். ஒரு பிட்டுக்குக் கிடைப்பது சுமார் 167 பிக்கோ விநாடி. அதற்குள் ஒளியே 5 சென்ரிமீற்றர்தான் போகும். பலகையின் செம்புத் தடத்தில் சமிக்ஞை போவது ஏறக்குறைய அதில் பாதி. ஆக, தடங்களின் நீளம் சில மில்லிமீற்றர் முன்பின் ஆனாலே வாசிப்புப் பிசகும். சிபியூவுக்குள் இருக்கும் நினைவகக் கட்டுப்படுத்தி, தனக்குத் தெரிந்த பிட் வரிசை ஒன்றை எழுதித் திருப்பி வாசிக்கிறது. தாமதத்தைக் கொஞ்சம் கூட்டிப் பார்க்கிறது, குறைத்துப் பார்க்கிறது. 0 எது, 1 எது என்று பிரிக்கும் ஒப்பீட்டு மின்னழுத்தத்தையும் அப்படியே. பிழை தொடங்கும் இரண்டு எல்லைகளையும் கண்டுபிடித்து நடுவில் போய் நிற்கிறது. அந்த எண்களைச் சேமித்து வைத்தால் அடுத்தமுறை சட்டென்று எழும்பலாம். ரேம் மாறினால் பழைய எண்கள் உதவாது. டிடிஆர்3, டிடிஆர்4 காலத்திலும் இது நடந்ததுதான். சீக்கிரம் முடிந்துவிட்டதால் யாரும் பெயர் கேட்கவில்லை.

பத்திரகாளி அம்மன் கோயில் மேளக்கச்சேரியில் நாதஸ்வர வித்துவான் சீவாளியை மாற்றி மாற்றி ஊதிப் பார்க்கிறாரே, அதே வேலை. அதனால்தான் ‘சுருதிசேர்ப்பு’ என்கிறேன். கச்சேரி ஏன் இன்னும் தொடங்கவில்லை என்று அப்போது யாரும் எழுந்து போவதில்லை.

> இசைவாக்கம் என்று வைக்கலாமே, சுருக்கமாக இருக்கும்.

தமிழ்நாட்டில் வைக்கலாம். இலங்கை உயிரியல் புத்தகத்தில் இசைவாக்கம் என்பது நீங்கள் ‘தகவமைப்பு’ என்று சொல்வது. ஒட்டகமும் கள்ளிச்செடியும் ஞாபகம் வரும்.

> ஒத்திசைவு / அளவுத்திருத்தம்

ஒத்திசைவு ஏற்கெனவே எல்லாருடைய போனிலும் ‘சிங்க்’ என்ற வேறு வேலையில் இருக்கிறது. அளவுத்திருத்தம் பொருளளவில் மோசமில்லை, எனக்கு இரண்டாவது தெரிவு அதுதான். ஆனால் தராசுக்கு முத்திரை குத்துவதுபோல, யாரோ வெளியிலிருந்து வந்து செய்வதாகத் தொனிக்கிறது.

> சுருதி வடசொல். யாழின் எண்வகைக் கலைத்தொழிலில் முதலாவதாகிய ‘பண்ணல்’ இருக்க, இது ஏன்?

ஐயா, பண்ணல் (யாழைப் பண்ணுக்கு ஏற்ப அமைப்பது) அழகான சொல், மறுக்கவில்லை. ஆனால் “நினைவகம் பண்ணுகிறது” என்று திரையில் போட்டால் “என்ன பண்ணுகிறது?” என்று கேட்பார்கள். வழக்கில் உயிரோடு இருக்கும் சுருதியே போதும் என்பது என் எண்ணம்.

பெயர் வந்துவிட்டால் உதவிக்குறிப்பும் ஒழுங்காக எழுதலாம். புது ரேம் போட்டால் சுருதிசேர்ப்புக்குப் பத்துப் பதினைந்து நிமிடம் விட வேண்டும். அதற்குப் பிறகும் விளக்கு அணையாவிட்டால்தான் பழுது தேடுவது: ரேமைப் பிடிக்கும் கரைக் கொளுவி ‘டிக்’ என்று விழுந்ததா, இரண்டு துண்டும் கையேடு சொல்லும் துளைகளில்தானா (நான்கு துளைப் பலகைகளில் பெரும்பாலும் சிபியூவிலிருந்து இரண்டாவதும் நான்காவதும்), தனித்தனியே போட்டால் எழும்புகிறதா, கடைசியாக பயோஸ் (கணினி எழும்பும்போது முதலில் ஓடும் மென்பொருள்) அமைப்பை அழிப்பது. எங்கள் ஊர் உப்புக் காற்றுக்குத் துளையைத் தூரிகையால் தட்டிவிடுவதும் நல்லது.

அப்புறம், ரீசீட் (கழற்றித் திரும்பவும் போடுவது) என்பதற்கு நான் போட்ட ‘கழற்றிப் பூட்டல்’ பற்றி. இங்கே பூட்டுவது என்றால் பொருத்துவது. சென்னை நண்பர்கள் சாவி தேடுகிறார்கள். சரி, ‘கழற்றிப் பொருத்தல்’ என்றே மாற்றிவிடலாம்.

திரைச் செய்திக்கு என் பரிந்துரை: “நினைவகச் சுருதிசேர்ப்பு நடைபெறுகிறது. சில நிமிடங்கள் ஆகலாம். மின்சாரத்தை நிறுத்த வேண்டாம்.” முதல் வரி நீளம் என்றால் ‘நினைவக’ என்பதை வெட்டலாம், கடைசி வரியை மட்டும் வெட்ட வேண்டாம். ஞாயிற்றுக்கிழமைக்குள் வேறு மறுப்பு வராவிட்டால் சொற்பட்டியலில் ஏற்றுகிறேன், அளவுத்திருத்தத்தையும் மாற்றுச்சொல்லாகப் பக்கத்தில் போட்டு.