கிட்டார் நெக்கில் விளக்கு: வீட்டிலேயே செய்தவர்கள் வந்து சொல்லுங்கள்

கடைசிஃப்ரெட்:

என் கிட்டாரின் நெக் (கழுத்து) மேப்பிள், அதன் மேல் ஒட்டியிருக்கிற, விரல் வைத்து அழுத்தும் பலகையான ஃப்ரெட்போர்டு ரோஸ்வுட், போல்ட் போட்டு மாட்டுகிற வகை. எந்த ஃப்ரெட் (குறுக்கே பதித்த உலோகக் கம்பி) என்று அடையாளம் காட்டுகிற டாட் இருந்த இடத்தில் எல்லாம் எல்இடி வைத்தாகிவிட்டது. எரிகிறது, பார்க்க அழகாகவும் இருக்கிறது. நான் எழுத வந்தது அதைப் பற்றி இல்லை. ஃப்ரெட்போர்டைப் பிரித்த அந்த நேரம் இன்னும் மனதை விட்டுப் போகவில்லை.

இஸ்திரிப் பெட்டியை நடுத்தரச் சூட்டில் ஃப்ரெட்டுகளின் மேலேயே வைத்து, பாடியோடு சேரும் முனையிலிருந்து மெல்லிய தகட்டுக் கத்தியை உள்ளே விட்டேன். முதலில் அசையவே இல்லை. அப்புறம் பசை இளகியதும் கத்தி தானாக வழி விட்டு நகர ஆரம்பித்தது. பதினைந்தாவது ஃப்ரெட், பன்னிரண்டு, ஒன்பது என்று நிதானமாக வந்துகொண்டிருந்தேன். ஏழாவது பக்கம் வந்தபோது 'டிக்' என்று ஒரு சத்தம். பசை விடும்போது அப்படிச் சத்தம் வராது. அது மரம் கிழிகிற சத்தம். கத்தியை வெளியே எடுத்தால் நுனியில் வெளிர் நிறத்தில் ஒரு சிராய். நெக்கின் மேப்பிளே ஃப்ரெட்போர்டோடு ஒட்டிக்கொண்டு எழும்பியிருந்தது. காகிதக் கனம்தான் இருக்கும்.

சிராயை அதே இடத்தில் பசை வைத்து அழுத்தினேன். ட்ரஸ் ராடு (நெக்கின் வளைவைச் சரிசெய்ய உள்ளே இருக்கிற உலோகக் கம்பி) பள்ளத்துக்குப் பக்கத்தில் எனாமல் கம்பி ஓட ஒரு வாய்க்கால் வெட்டி, எல்லாம் வைத்து, திரும்ப ஒட்டி, கிளாம்ப் போட்டு... மீதி எல்லாருக்கும் தெரிந்த வேலைதான். இப்போது ஐந்தாவது ஃப்ரெட்டில் அழுத்தினால் ஸ்டிரிங் உரசுகிறது. காரணம் அந்தச் சிராயா, சூடா, பசையா என்று பிடிபடவில்லை. பிரித்த வேறு யாருக்காவது அந்த 'டிக்' கேட்டிருக்கிறதா?


ஓரப்புள்ளி:

எனக்குக் கேட்கவில்லை நண்பரே, ஏனென்றால் நான் ஃப்ரெட்போர்டைத் தொடவே இல்லை. எல்லாரும் ஏன் முதல் வேலையாக அதைப் பிரிக்கப் போகிறீர்கள் என்பது எனக்குப் புரியவே இல்லை. வாசிக்கிறவர் கண்ணுக்குத் தெரிவது நெக்கின் மேல் ஓரம். அங்கே இருக்கிற சைடு டாட் எரிந்தால் போதும். முகப்பில் எரிவது எதிரே நிற்பவர்களுக்கு.

என் நெக்கில் பைண்டிங் (ஓரத்தில் ஒட்டுகிற மெல்லிய பட்டை) உண்டு. மேல் பக்கத்துப் பைண்டிங்கை மட்டும் உரித்து, அதன் பின்னால் மெல்லிய காடி வெட்டி, 0603 அளவு எல்இடி (1.6 மில்லிமீட்டர் நீளம், 0.8 அகலம்) வரிசையாக வைத்து, பைண்டிங்கில் துளை போட்டுத் திரும்ப ஒட்டினேன். நெக்கின் பலத்தைத் தாங்குகிற ஒட்டு எதையும் தொடவில்லை.

எனக்கு மறக்காதது வாசனை. ஹீட் கன்னைக் கிட்டே கொண்டுபோய்க் கொஞ்ச நேரம்தான் ஆகியிருக்கும், கற்பூர வாசனை வந்தது. சாமி அறையில் வருகிற அதே வாசனை, பட்டறை மேஜையில். உடனே ஹீட் கன்னை அணைத்துத் தூரமாக வைத்தேன். செல்லுலாய்டு செய்வதே நைட்ரோசெல்லுலோஸோடு கற்பூரம் சேர்த்துத்தான். தீப்பிடித்தால் நிற்காது. பழைய கிட்டார் பைண்டிங் பல அந்த ரகம்தான். மீதி முழுவதையும் கத்தியால் கொஞ்சம் கொஞ்சமாகப் பெயர்த்தேன். உங்கள் பைண்டிங்கை உப்புத்தாளால் ஓரத்தில் லேசாகத் தேய்த்து முகர்ந்து பாருங்கள். கற்பூரம் மணந்தால் சூடு காட்டவே கூடாது.


ஓம்விதி:

ஓரப்புள்ளி சொல்வது பைண்டிங் இருக்கிறவர்களுக்குச் சரி. பைண்டிங் இல்லாத நெக்கில் காடி எங்கே வெட்டுவார்?

என் கதை சின்னது. நண்பர் ஒருவர் வேலை முடித்து, ஒட்டி, பாலிஷும் போட்ட நெக்கைக் கொண்டுவந்து கொடுத்தார். எல்லாம் சிவப்பு, பன்னிரண்டாவது ஃப்ரெட்டில் மட்டும் இரண்டு நீலம். பேட்டரியை மாட்டினேன். சிவப்பெல்லாம் பளிச்சென்று எரிந்தது. பன்னிரண்டாவது கறுப்பாகவே இருந்தது. "சால்டர் விட்டுப்போச்சா?" என்றார். விடவில்லை. எல்லாவற்றையும் இணையாகக் கோத்து வெளியே, மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்த, ஒரே ஒரு ரெசிஸ்டர் வைத்திருந்தார். சிவப்பு எல்இடி 2 வோல்ட் பக்கத்தில் எரியும், நீலத்துக்கு 3 வோல்ட் வேண்டும். சிவப்பு எரிகிற வரை அந்தக் கம்பியில் 2 வோல்ட்டுக்கு மேல் ஏறவே ஏறாது, அதனால் நீலம் விழிக்காது. நெக்குக்குள் போவது இரண்டே கம்பி என்பதால் வெளியிலிருந்து செய்ய வழியே இல்லை. "மறுபடி பிரிக்கணும்" என்று சொன்னபோது அவர் நெக்கை என் கையிலிருந்து வாங்கி உறைக்குள் வைத்துக்கொண்டார். அதற்கப்புறம் அதைப் பற்றி என்னிடம் பேசவே இல்லை.

இனி செய்யப் போகிறவர்களுக்குச் சொல்கிறேன். ஒவ்வொரு எல்இடிக்கும் தனி ரெசிஸ்டர். 9 வோல்ட் பேட்டரியில் நீல எல்இடி என்றால் மிச்சம் 6 வோல்ட். 2 மில்லிஆம்ப் ஓட 3 கிலோஓம் வருகிறது. கடையில் கிடைக்கிற 3.3 கிலோஓம் போட்டால் போதும். சிவப்புக்கு 3.9. டேட்டாஷீட்டில் 20 மில்லிஆம்ப் என்று இருக்கிறதே என்று அவ்வளவும் கொடுக்காதீர்கள். இருட்டில் அரை மீட்டர் தூரத்தில் இருக்கிற கண்ணுக்கு 2 மில்லிஆம்பே தாராளம். பத்து விளக்குக்கு மொத்தம் 20 மில்லிஆம்ப். ஆல்கலைன் 9 வோல்ட் பேட்டரி சுமார் 500 மில்லிஆம்ப்-மணி தரும், அதாவது பல நிகழ்ச்சிகளுக்கு வரும். 20 மில்லிஆம்ப் வீதம் கொடுத்தால் ஒரே நிகழ்ச்சியில் தீரும், கண்ணும் கூசும். நீலத்தை மூன்று மூன்றாகத் தொடரில் கோக்கலாம் என்று சிலர் சொல்வார்கள். மூன்றுக்கு 9 வோல்ட் ஆகிறது, பேட்டரி சற்று இறங்கினாலே மங்கிவிடும். இரண்டு இரண்டாகக் கோக்கலாம்.

நிறத்தைப் பற்றியும் ஒன்று. இருட்டுக்குப் பழகிய கண்ணை நீலம் கெடுக்கும், சிவப்பு அவ்வளவாகக் கெடுக்காது. இருட்டில் பார்க்க உதவும் கோல் செல்களுக்குச் சிவப்பு அநேகமாகத் தெரிவதே இல்லை. நெக்கைப் பார்த்துவிட்டுக் காலடியில் இருக்கிற பெடலைத் தேடுகிறவர்களுக்கு இது முக்கியம். அப்புறம், ஒட்டுவதற்கு முன்னால் ஒரு ராத்திரி முழுக்க எரியவிட்டு, நெக்கை லேசாக வளைத்தும் பாருங்கள். ஏதாவது ஒன்று மினுக்கினால் அங்கேயே சரிசெய்துவிடலாம்.


பி_சுருதி:

எனக்கு விளக்கு நன்றாகவே எரிந்தது. பிரச்சினை காதில்.

வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்க ஆர்டுயினோ (நிரல் எழுதி இயக்குகிற சின்ன சர்க்யூட் போர்டு) வைத்திருந்தேன். மேடையில் ஒரு பாட்டு முடிந்து கைதட்டல் அடங்கியதும் ஆம்ப்ளிஃபையரிலிருந்து 'ங்ங்ங்' என்று ஒரு ரீங்காரம். ஸ்டிரிங்கை எல்லாம் உள்ளங்கையால் மூடினேன், நிற்கவில்லை. ட்யூனர் பெடலை மிதித்தேன். அதில் 'பி' என்று காட்டியது, சற்றே இறங்கிய பி. கிட்டார் வாசிக்காமலே ட்யூனரில் ஒரு சுரம் நிற்பதை நான் அதற்கு முன்பு பார்த்ததில்லை. டிரம்ஸ்காரர் அடுத்த பாட்டுக்குக் குச்சியைத் தூக்கிவிட்டார், பாட்டு எஃப் மேஜர். ஈ-யில் இருந்திருந்தாலாவது அந்த பி கலந்துபோயிருக்கும். எஃப்-க்கு அது எவ்வளவு உறுத்தும் என்று உங்களுக்கே தெரியும்.

வீட்டுக்கு வந்துதான் கணக்குப் புரிந்தது. ஆர்டுயினோவின் பெரும்பாலான பின்களில் (இணைப்பு முனைகளில்), எல்இடியை வேகமாக அணைத்து எரியவிட்டு வெளிச்சம் குறைக்கிற துடிப்பு வினாடிக்குச் சுமார் 490 முறை. நடு சி-க்கு மேலே இருக்கிற பி 493.88 ஹெர்ட்ஸ். எல்இடிக் கம்பி, ஸ்டிரிங்கின் அதிர்வை மின்சாரமாக்குகிற பிக்கப்புக்குப் பக்கத்திலேயே போகிறது, பூமிக் கம்பியும் பொது. என்னுடையது ஒற்றைச் சுருள் பிக்கப், அந்தச் சிங்கிள் காயில் அதை அப்படியே உறிஞ்சிக்கொண்டது. இப்போது ஆர்டுயினோவைக் கழற்றிவிட்டு வெறும் ரெசிஸ்டர் வைத்திருக்கிறேன். நேர் மின்சாரம் சீராக ஓடினால் சத்தம் வர வழியே இல்லை. எல்இடிக்கான பூமிக் கம்பியைப் பேட்டரிக்கே தனியாகக் கொண்டுபோயிருக்கிறேன்.


நிலாமாவு:

இவ்வளவு கம்பி எதற்கு என்று கேட்கத் தோன்றுகிறது. பழைய சைடு டாட்டைத் துளையிட்டு எடுத்துவிட்டு, ஸ்ட்ரான்சியம் அலுமினேட் கலந்த ஒளிரும் குச்சியைச் செருகி, மட்டமாக வெட்டி விட்டேன். பேட்டரி இல்லை, சத்தம் இல்லை, நெக்கும் பத்திரம். மேடை ஏறும் முன் யூவி டார்ச்சை ஓடவிட்டால் பச்சையாக எரியும். ஆனால் ஒரு தடவை இடைவேளை நீண்டுபோய், திரும்ப ஏறியபோது டாட் எல்லாம் வெளிறிக் கிடந்தது. டார்ச் என் பையில், பை அரங்கத்தின் மறுபக்கம். முதல் சோலோவைக் கையின் பழக்கத்தை நம்பித்தான் வாசித்தேன். அப்படியும் நான் இதைத்தான் சொல்வேன்.


கடைசிஃப்ரெட்:

நிலாமாவு, உங்கள் வழி நல்லதுதான். ஆனால் எனக்கு முகப்பில்தான் வேண்டும். நான் சொல்லிக்கொடுக்கிற பிள்ளைகள் எதிரே உட்கார்ந்து பார்க்கிறார்கள், எந்த ஃப்ரெட் என்று அவர்களுக்குத் தெரிய வேண்டும். ஓரப்புள்ளிக்கும் இதுதான் பதில்.


வைரம்பாய்ந்தமரம்:

நான் விளக்கு வைத்தது ஒரே ஒரு பேஸ் கிட்டாரில், அதில் சொல்ல ஒன்றும் இல்லை. ஒட்டும்போது கிளாம்ப்பை இறுக்க இறுக்க ஃப்ரெட்போர்டு பசைமேல் வழுக்கிப் பக்கவாட்டில் நகர்ந்ததுதான் ஞாபகம் இருக்கிறது. தலைப்பக்கம் ஸ்டிரிங் தங்குகிற நட் பக்கத்திலும் கடைசியிலும் தலை வெட்டிய சின்ன ஆணி அடித்து நிறுத்திய பிறகுதான் அசையாமல் நின்றது.

கடைசிஃப்ரெட் தம்பி, நீங்கள் கேட்டது 'டிக்' சத்தத்தைப் பற்றி. அந்தச் சிராயை விடுங்கள். மரத்தின் ரேகை நெக்குக்குள் இறங்குகிற திசையில் கத்தி போனால் கிழியத்தான் செய்யும். எதிர்ப் பக்கத்திலிருந்து வந்திருந்தால் கிழிந்திருக்காது. காகிதக் கனச் சிராயை அதே குழியில் ஒட்டினால் அது மேடாக நிற்காது. நான் சந்தேகப்படுவது இரண்டு விஷயம்.

ஒன்று பசை. தண்ணீர் கலந்த மரப்பசையைப் பூசினால் ஃப்ரெட்போர்டின் அடிப்பக்கம் ஈரம் குடித்து விரியும், மேல்பக்கம் விரியாது. நெக் பின்னால் வளையும். காய்ந்து அடங்கச் சில வாரம் ஆகும், அதற்குள் ஃப்ரெட்டைத் தேய்த்து மட்டப்படுத்தினால் பிறகு திரும்பவும் தேய்க்க வேண்டிவரும். எப்பாக்ஸியில் தண்ணீர் இல்லை, அந்தத் தொல்லையும் இல்லை. ஆனால் அடுத்த தடவை பிரிக்க அதிகச் சூடு தேவைப்படும். நீங்கள் எதைப் போட்டீர்கள் என்று எழுதவில்லை.

வளைவைப் பார்க்க: ஸ்டிரிங் எல்லாம் சுருதியில் இருக்கட்டும். சாதாரண 10-46 தடிமன் ஸ்டிரிங் செட்டே மொத்தமாக 45 கிலோ அளவுக்கு இழுக்கிறது, அந்த இழுப்பு இல்லாமல் நெக்கைப் பார்த்து முடிவு கட்ட முடியாது. முதல் ஃப்ரெட்டில் கேப்போ (ஸ்டிரிங் எல்லாவற்றையும் அழுத்திப் பிடிக்கிற கவ்வி) போடுங்கள், பாடியோடு நெக் சேருகிற ஃப்ரெட்டில் ஆறாவது ஸ்டிரிங்கை அழுத்துங்கள். ஏழாவது, எட்டாவது ஃப்ரெட்டுக்கும் ஸ்டிரிங்குக்கும் நடுவில் 0.2 மில்லிமீட்டர் பக்கத்தில் இடைவெளி வேண்டும். இடைவெளியே இல்லை என்றால் ட்ரஸ் ராடைக் கால் சுற்று தளர்த்துங்கள், மறுநாள் பாருங்கள். ஒரே மூச்சில் திருகாதீர்கள். வாய்க்காலை ராடு பள்ளத்தை ஒட்டி வெட்டியிருக்கிறீர்கள், நடுவில் மரம் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று உங்களுக்குத்தான் தெரியும்.

இரண்டாவது, இதைத்தான் நான் அதிகம் நினைக்கிறேன்: சூடு. ஃப்ரெட்டைப் பிடுங்க வேண்டும் என்றால் சால்டரிங் அயர்னால் அதைச் சுடவைப்போம், அப்போதுதான் காடி பிடி விடும். நீங்கள் இஸ்திரிப் பெட்டியால் எல்லா ஃப்ரெட்டையும் அப்படித்தான் சுட்டிருக்கிறீர்கள். ஐந்தில் அழுத்தினால் உரசுகிறது என்றால் ஆறாவது எழும்பியிருக்கலாம். நேரான சின்னப் பட்டையை ஐந்து, ஆறு, ஏழு மூன்றின் மேலும் வையுங்கள். ஊஞ்சல் மாதிரி ஆடினால் நடுவில் இருப்பது உயரம். அப்புறம் அதன் இரண்டு முனையையும் மரத்துண்டால் அழுத்திப் பாருங்கள். அசைந்தால் தேய்க்காதீர்கள், தேய்த்தால் நல்ல ஃப்ரெட் போய்விடும், ஆட்டம் அப்படியே இருக்கும்.


கடைசிஃப்ரெட்:

அண்ணே, இப்போதுதான் பார்த்தேன். பட்டை ஆடுகிறது. ஆறாவது ஃப்ரெட்டின் முதல் ஸ்டிரிங் பக்க முனை, மரத்துண்டால் அழுத்தினால் உள்ளே போய் வெளியே வருகிறது. உற்றுப் பார்த்தால் அடியில் ஒரு முடி நுழைகிற அளவு கறுப்புக் கோடு தெரிகிறது. போட்டது தண்ணீர்ப் பசைதான், வளைவு 0.1 மில்லிமீட்டர்கூட இல்லை. ராடைக் கால் சுற்று தளர்த்தியிருக்கிறேன். ஃப்ரெட்டுக்கு மெல்லிய சூப்பர் க்ளூ விடலாமா? ஐந்திலும் ஏழிலும் எல்இடி மேல் தெளிவான எப்பாக்ஸி இருக்கிறதே?


வைரம்பாய்ந்தமரம்:

விடலாம். ஃப்ரெட்டைக் கிளாம்ப்பால் அழுத்தி வைத்துக்கொண்டு, காடியின் ஓர முனையில் ஒரு சொட்டு. தானே உள்ளே ஓடும். அதற்கு முன் இரண்டு டாட் மேலும் டேப் ஒட்டுங்கள், ஃப்ரெட்டின் இரு பக்க மரத்திலும் மெழுகு தேயுங்கள். சூப்பர் க்ளூ ஆவி தெளிவான பரப்பில் வெள்ளையாகப் படியும், விளக்கு மங்கலாகத் தெரியும். ஜன்னலைத் திறந்து வையுங்கள். ராடு தளர்த்தியதற்கு நெக் எப்படி இருக்கிறது என்று நாளைக்குப் பார்த்துவிட்டு எழுதுங்கள்.