ஊர் வீட்டில் ஒரு பங்கு இருப்பதால் கனடாவில் முதல் வீட்டுச் சலுகையை மறுக்கலாமா?

உவர்மலை மாஸ்டர்

என் மகள் ரொறன்ரோவில் கணவருடன் சேர்ந்து தன் முதல் வீட்டை வாங்கினாள். முதல் வீடு வாங்குபவருக்கு ஒன்ராறியோ மாகாணம், வீடோ காணியோ கைமாறும்போது அறவிடும் காணி மாற்று வரியில் 4,000 டொலர் வரையும், ரொறன்ரோ நகரம் தான் தனியே அறவிடும் வரியில் 4,475 டொலர் வரையும் திருப்பிக் கொடுக்கின்றன. மகளுக்கு அதில் ஒரு சதமும் கிடைக்கவில்லை. நானும் மனைவியும் சீவிய உரித்தை, அதாவது உயிருள்ளவரை அனுபவிக்கும் உரிமையை, எங்களுக்கு வைத்துக்கொண்டு, திருகோணமலையில் உள்ள எங்கள் உவர்மலை வீட்டை நான்கு பிள்ளைகளுக்கும் சம பங்காக நன்கொடை உறுதி எழுதிக் கொடுத்திருந்ததே காரணம். உலகின் எந்த மூலையிலும், எந்தக் காலத்திலும், எவ்வளவு சிறிய பங்காக இருந்தாலும், வீட்டுரிமை வைத்திருந்தவர் முதல் வீட்டுக்காரர் அல்லர் என்கிறது அந்தச் சட்டம். மணமான காலத்தில் மனைவிக்கு வீட்டுரிமை இருந்ததால் மருமகனுக்கும் சலுகை இல்லாமற் போயிற்று.

இரண்டு அறையும் ஒரு விறாந்தையும் உள்ள வீட்டில் காற்பங்கு அவளுக்கு எந்த வகையில் தலைக்கு மேல் கூரையாகும்? புதிதாகக் குடியேறியவர்கள் பிறந்த ஊரில் வைத்திருக்கும் இத்தகைய பங்குகளைக் கணக்கிலெடுக்காமல் சலுகை வழங்க வேண்டும் என்பது என் கருத்து.

நிலாவெளியான்

மாஸ்டர், உங்கள் மனவருத்தம் புரிகிறது. ஆனாலும் நான் உடன்படவில்லை. அந்தச் சலுகை பொதுப் பணம். ரொறன்ரோவில் பிறந்து, எங்கேயும் ஒரு சாண் நிலமும் இல்லாமல் வாடகை வீட்டில் வாழும் ஒருவருக்கும், கடலருகே பெற்றோர் வீட்டில் பங்குள்ள ஒருவருக்கும் வித்தியாசம் இல்லை என்று அந்த அரசு சொல்ல வேண்டுமா?

நாங்கள் மட்டும் வெளியாருக்கு இளகிய மனம் காட்டினோமா? 1963 இலேயே வெளிநாட்டவர் இங்கே இலங்கையில் காணி வாங்கினால் பெறுமதியின் 100 வீதத்தை வரியாகக் கேட்டோம். 2002 இல் அதை நீக்கி, 2004 இல் மீண்டும் கொண்டுவந்தோம். 2014 ஆம் ஆண்டின் 38 ஆம் இலக்கச் சட்டம் காணி மாற்றத்தையே தடுத்தது. இரட்டைக் குடியுரிமை உடையவர்களுக்கு அதில் விலக்கு உண்டு. போருக்குப் பிறகு நிலாவெளிக் கரையில் விலை ஏறிய விதத்தைப் பார்த்த எனக்கு, வெளிநாட்டுப் பணத்துக்கு முன்னால் உள்ளூர்க்காரர் ஒதுங்கிப் போவதன் வலி தெரியும். அதே அச்சம் கனடாக்காரருக்கும் இருக்கக் கூடாதா?

பாலையூற்றுத் தங்கை

நான் ஒரு நொத்தாரிசு அலுவலகத்தில் உறுதி எழுதும் வேலை செய்கிறேன். அண்ணா இரண்டு விடயங்களை ஒன்றாகப் பிணைத்துவிட்டார். வெளிநாட்டவர் வாங்கும் வீட்டுக்கு ஒன்ராறியோவில் வேறொரு வரி உண்டு. 2022 ஒக்டோபர் 25 முதல் அது 25 வீதம். ஆறு இலட்சம் டொலர் வீட்டுக்கு ஒன்றரை இலட்சம் டொலர். ஆனால் வாங்கியவர் நான்கு ஆண்டுக்குள் நிரந்தர வதிவிட உரிமை பெற்றால் உரிய காலத்தில் விண்ணப்பித்து அதைத் திரும்பப் பெறலாம். அகதியாகப் பாதுகாப்புப் பெற்றவர்களுக்கு விலக்கே இருக்கிறது. அதாவது, குடியேற வந்தவரை அந்தச் சட்டம் வெளியாராக நடத்தவில்லை. மாஸ்டருடைய மகளும் வெளியார் அல்லர். குடியுரிமையோ நிரந்தர வதிவிடமோ இல்லாதவருக்கு முதல் வீட்டுச் சலுகை எப்படியும் கிடையாது. எனவே கேள்வி ஊர்ப் பங்கைப் பற்றியது மட்டுமே.

அதற்கு இங்கிலாந்தைப் பாருங்கள். அங்கே இரண்டாவது வீடு வாங்குபவர் 2024 ஒக்டோபர் 31 முதல் முத்திரை வரியில் 5 வீதம் மேலதிகமாகச் செலுத்த வேண்டும். வேறு நாட்டில் உள்ள வீடும் கணக்கில் வரும். ஆனால் 40,000 பவுணுக்குக் குறைந்த பங்கை விட்டுவிடுகிறார்கள். கடந்த மூன்று ஆண்டுக்குள் மரபுரிமையாக வந்த, பாதிக்கு மேற்படாத பங்கையும் கணக்கெடுப்பதில்லை. இப்படி ஓர் எல்லை ஒன்ராறியோவில் ஏன் இருக்கக் கூடாது?

நிலாவெளியான்

தங்கச்சி திருத்தியதை ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் பெறுமதி எல்லை என்று சொல்பவர் உறுதி எழுதும் இடத்திலேயே இருந்துகொண்டு சொல்வதுதான் எனக்கு விளங்கவில்லை. முத்திரைத் தீர்வையைக் குறைக்க வேண்டும் என்பதற்காக உறுதியில் எழுதும் தொகைக்கும், கைமாறும் பணத்துக்கும் எவ்வளவு தூரம் என்பது உங்களுக்குத் தெரியாததா? அந்தத் தாளை நம்பி ரொறன்ரோவிலுள்ள ஓர் அதிகாரி எப்படி முடிவெடுப்பார்? ‘எவ்வளவு சிறிய பங்கும் பங்கே’ என்ற விதி கடுமையானது. ஆனால் ஒருவரும் ஏமாற்ற முடியாதது.

சம்பூரான், ஸ்காபுரோ

பெறுமதியை விடுங்கள். ‘எந்தக் காலத்திலும்’ என்ற சொல்லை யோசியுங்கள். 2006 இல் போரால் நாங்கள் சம்பூரை விட்டு ஓடினோம். ஏறத்தாழப் பத்து ஆண்டுகள் எங்கள் ஊருக்குள் எங்களை விடவில்லை. உறுதி கையில் இருந்தது. வீடு இருந்த இடத்தில் பற்றை முளைத்திருந்தது. இங்கு வந்து சேர்ந்த பிறகு விண்ணப்பப் படிவத்தில் ‘முன்பு வீடு வைத்திருந்தீர்களா’ என்ற கேள்விக்கு ‘ஆம்’ என்று எழுதினேன். பொய் சொல்ல மனம் வரவில்லை. இழந்த வீட்டை வைத்திருந்த வீடாகக் கணக்கிட்டார்கள். அண்ணா சொல்லும் ஏமாற்று இதில் எங்கே இருக்கிறது?

நிலாவெளியான்

தம்பி, அதற்கு என்னிடம் பதில் இல்லை. போரால் இழந்தவர்களுக்கு விலக்கு வேண்டும். அதை இனி மறுக்க மாட்டேன். நன்கொடையாக வந்த பங்கில் மட்டும் என் நிலை மாறவில்லை. அது பெற்றோர் விரும்பிக் கொடுத்த சொத்து.

உவர்மலை மாஸ்டர்

விரும்பித்தான் கொடுத்தோம். நான் கேட்பது பெறுமதியை அளக்கவும் அல்ல. அந்த வீட்டில் அவள் இன்று குடியிருக்க முடியுமா என்று கேட்டால் போதும். சீவிய உரித்து எங்களிடம் இருக்கிறது என்பது அதே உறுதியில், காணிப் பதிவகத்தில் பதிவாகி உள்ளது. அதில் மறைக்க ஒன்றுமில்லை. சீவிய உரித்துக்கு உட்பட்ட பங்கைச் சட்டம் விலக்கினால், நிலாவெளித் தம்பி அஞ்சும் ஏமாற்றுக்கும் இடமிராது.

பாலையூற்றுத் தங்கை

மாஸ்டர் சொன்னதை நானும் ஆதரிக்கிறேன். சட்டம் மாறும் வரைக்கும் ஒரு விடயத்தைக் கவனியுங்கள். வெளிநாட்டில் முதல் வீடு வாங்கப் போகும் பிள்ளை இருந்தால், நன்கொடை உறுதிக்குப் பதிலாக மரண சாசனம் எழுதுவது பற்றி முதலில் உங்கள் நொத்தாரிசிடம் கேளுங்கள். சாசனம் எழுதியவர் உயிரோடு இருக்கும் வரை பிள்ளையின் பெயரில் எந்தப் பங்கும் ஏறாது. எங்கள் அலுவலகத்துக்கு வருபவர்களில் பலர், உறுதி எழுதி முடித்த பிறகே இதைக் கேட்கிறார்கள்.