புதுப்பிப்பு: ஓசிடி படம் கலங்குவதும் கால்சியம் கணக்கும்

சேலம் கேத்லேப் (இதய ரத்தக்குழாய்ச் சிகிச்சைக் கூடம்) நண்பர்களுக்காகப் போன வாரம் போட்ட இழையில், ஓசிடி (இதய ரத்தக்குழாய்க்குள் மெல்லிய கதீட்டர் விட்டு ஒளியால் எடுக்கும் படம்) கெடுவதற்குக் காரணம் காண்ட்ராஸ்ட் (படமெடுக்கும்போது ரத்தத்தை விலக்கச் செலுத்தும் மருந்து) போதாமைதான் என்று எழுதியிருந்தேன். அது பாதிதான் சரி. கைடு கதீட்டர் (மருந்தும் கருவிகளும் போகும் வழிக்குழாய்) ரத்தக்குழாய் வாயில் நேராக உட்காராவிட்டால், எவ்வளவு தள்ளினாலும் மருந்து அயோர்ட்டா என்ற பெருந்தமனிக்குத்தான் போகும். படத்தில் ரத்தம் புகைபோலச் சுழலும். முதலில் 2 மில்லி காண்ட்ராஸ்ட் சோதனை ஊசி. பிறகு ரத்தக்குழாயை விரிக்கும் நைட்ரோகிளிசரின் 100–200 மைக்ரோகிராம். அதன்பின் இடது பக்க இதய ரத்தக்குழாய்க்குக் காண்ட்ராஸ்ட், நொடிக்கு 4 மில்லி வீதம், மொத்தம் சுமார் 14 மில்லி. படம் முழுக்க மங்கலாக இருந்தால் ஓசிடி கதீட்டருக்குள்ளேயே ரத்தம் ஏறியிருக்கும். மறுபடி பர்ஜ் செய்யுங்கள் (மருந்தைத் தள்ளி அந்த ரத்தத்தை வெளியேற்றுங்கள்).

ரத்தக்குழாய்ச் சுவரில் படியும் கால்சியம் பற்றிப் பலர் கேட்டிருந்தீர்கள். ஓசிடியில் அது குழாயைச் சுற்றியிருக்கும் வளைவு 180 டிகிரிக்கு மேல் என்றால் 2 புள்ளி, தடிமன் 0.5 மி.மீ.க்கு மேல் என்றால் 1, நீளம் 5 மி.மீ.க்கு மேல் என்றால் 1. மொத்தம் 4 வந்தால் ஸ்டென்ட் (குழாயைத் திறந்து வைக்கும் வலைக்குழாய்) முழுதாக விரியாத அபாயம் அதிகம். நம்ம ஊர் போர்வெல் குழாயில் உப்பு கட்டியது மாதிரிதான். உடைக்காமல் உள்ளே எதைச் சொருகினாலும் நசுங்கியே நிற்கும். ரோட்டாவோ (சுழன்று அரைக்கும் கருவி) ஐவிஎல்லோ (அதிர்வலை பலூன்), முதலில் உடைத்துவிட்டு, பலூன் முழுதாக விரிகிறதா என்று பார்த்த பிறகே ஸ்டென்ட்.

கிரியாட்டினின் ஏறியவர்களுக்கும் (சிறுநீரகம் பலவீனமானவர்கள்), லெஃப்ட் மெயின் (இடது முதன்மை ரத்தக்குழாய்) வாயிலேயே அடைப்பு உள்ளவர்களுக்கும் ஐவஸ்தான் (ரத்தக்குழாய்க்குள் எடுக்கும் அல்ட்ராசவுண்ட்) என் தேர்வு. அதற்குக் காண்ட்ராஸ்ட் தேவையில்லை. வாய்ப்பகுதியில் ஓசிடியால் ரத்தத்தை விலக்கவும் முடியாது.