'துருவச் சூறாவளி' வேண்டாம், 'துருவச் சுழி' போதும்

வணக்கம் ஐயா,

போலார் வோர்டெக்ஸுக்கு (polar vortex, துருவத்தைச் சுற்றிச் சுழலும் காற்று) தமிழ்ச் சொல்லாக நீங்கள் சொன்ன 'துருவச் சூறாவளி' எனக்கு ஒப்பவில்லை, கோபித்துக்கொள்ளாதீர்கள். சூறாவளி என்றதும் நம்மவர்களுக்கு வங்கக் கடலில் உருவாகி, நகர்ந்து வந்து, கரையைக் கடந்து, மழையைக் கொட்டிவிட்டு ஓய்ந்துபோகிற ஒன்றுதான் நினைவுக்கு வரும். இதுவோ குளிர்காலம் முழுக்க அண்டார்க்டிகாவுக்கு மேலே, ஓசோன் படலம் இருக்கிற அடுக்கு மண்டலத்தில் (stratosphere), அதே இடத்தில் சுற்றிக்கொண்டிருப்பது. கரையும் இல்லை, கடப்பதும் இல்லை.

என் பரிந்துரை 'துருவச் சுழி'. ஆற்றில் குளித்தவர்களுக்குச் சுழி தெரியும்: உள்ளே மாட்டிய இலை வட்டமடித்துக்கொண்டே கீழே போகும், வெளியே வராது. துருவத்திலும் சுழிக்குள் காற்று மெல்லக் கீழிறங்குகிறது, விளிம்பில் வேகமாக ஓடும் காற்று வேலிபோல நிற்பதால் வெளியே இருக்கிற வெப்பமான, ஓசோன் மிகுந்த காற்று உள்ளே நுழைய முடிவதில்லை. இந்த அடைப்பு இல்லையென்றால் அண்டார்க்டிகாவின் ஓசோன் ஓட்டைக் கதையே இல்லை. வெயில் எட்டிப் பார்க்காத மாதங்களில் உள்ளே வெப்பநிலை மைனஸ் 78 பாகை செல்சியஸுக்கும் கீழே போய், அந்த வறண்ட உயரத்திலும் மேகம் கட்டுகிறது. பழைய குளிர்பதனப் பெட்டிகளில் பயன்பட்ட குளோரோஃபுளோரோகார்பன்களிலிருந்து வந்து வேறு சேர்மங்களுக்குள் அடங்கிக் கிடந்த குளோரின், அந்த மேகத்துகள்களின் மேற்பரப்பில் விடுபட்டு, செப்டம்பரில் வெயில் வந்ததும் ஓசோனைத் தின்னத் தொடங்குகிறது. வட துருவத்தில் மலைகளும் கண்டங்களும் எழுப்புகிற அலைகள் சுழியை அடிக்கடி குலைத்துவிடுவதால் அங்கே வழக்கமாக இவ்வளவு இழப்பு இல்லை. 2020இல் சுழி குலையாமல் நின்றது, மார்ச்சில் அங்கேயும் ஓசோன் நன்றாகவே அடிவாங்கியது.

தலைச்சுழியையும் நினைத்துப் பாருங்கள். 2002 செப்டம்பரில் அடுக்கு மண்டலம் திடீரென வெப்பமேறி தென் துருவச் சுழி இரண்டாகப் பிளந்தது, ஓசோன் ஓட்டையும் கூடவே இரண்டானது. ரெட்டைச் சுழிக்கு ரெண்டு கல்யாணம் என்று பாட்டி சொல்லிக் கேட்ட பிள்ளைக்கு இது மறக்குமா? (தென் துருவம் தலையல்ல, பாதம் என்று யாராவது கிளம்புவீர்கள், சரி, விடுங்கள்.)

சுழி பூச்சியமல்லவா என்றால், அதற்குச் 'சுழியம்' இருக்கிறது.

அப்புறம், ஓசோன் குறைவதைச் சொல்கிற டிப்ளீஷன் (depletion). எல்லா இடத்திலும் 'சிதைவு' என்று போடுகிறோம். மூலக்கூறு உடைவது சிதைவு, படலம் மெலிவது தேய்வு, இரண்டும் வேறு. ஃபார்மன், கார்டினர், ஷாங்க்ளின் மூவரும் 1985இல் வெளியிட்ட, அண்டார்க்டிகாவின் ஹாலி பே ஆய்வு நிலைய அளவீடுகளில், முன்பு 300 டாப்சன் அலகு (ஓசோனை அளக்கும் அலகு) இருந்த அக்டோபர் ஓசோன் 200ஐ ஒட்டி இறங்கியிருந்தது. மொத்த ஓசோனையும் தரைமட்ட அழுத்தத்தில் அமுக்கி வைத்தால் 3 மில்லிமீட்டர் இருந்த படலம் 2 ஆயிற்று, அவ்வளவுதான். துளை விழவில்லை, தேய்ந்தது. டிசம்பர் வாக்கில் சுழி கலைந்ததும் வெளிக்காற்று புகுந்து திரும்ப நிரம்பும், தேய்ந்து வளர்கிற நிலாவுக்குச் சொல்கிற சொல் இதற்கும் பொருந்தும். 'ஓட்டை' பேச்சுக்கு இருந்துவிட்டுப் போகட்டும்.

சுழிக்குள் குளிரில் கட்டுகிற அந்த மேகத்துக்குத்தான் பெயர் அமையவில்லை. சில சமயம் சிப்பியின் உட்புறம்போல வண்ணம் காட்டும் என்பதால் 'சிப்பிமேகம்' என்று எழுதிப் பார்த்தேன், ஏதோ நகைக்கடைப் பெயர்போல இருக்கிறது. வேறு தோன்றினால் சொல்லுங்கள்.