ஒரு நாள் கடற்கரைப் பயணம்: ரயில் நேரத்துக்கு முன் கடல் ஏறும் நேரத்தைப் பாருங்கள்

கேள்வி

லண்டன் ஈஸ்ட் ஹாமுக்கு வந்து மூன்று மாதம் ஆகிறது. ஆகஸ்டில் ஒரு சனிக்கிழமை பிள்ளைகளோடு (4 வயது, 9 வயது) கடற்கரைக்குப் போய் அன்றே திரும்ப வேண்டும். கார் இல்லை. எங்கே போகலாம், முதலில் எதைப் பார்க்க வேண்டும்?

முதல் பதில்

உங்களுக்கு சவுத்எண்ட்தான் வசதி. டிஸ்ட்ரிக்ட் லைனில் ஏறினால் அடுத்த ஸ்டேஷனே பார்கிங். அங்கே சி2சி ரயில் மாறினால் சவுத்எண்ட் சென்ட்ரல் வரை ஒரே வண்டி, ஏறக்குறைய முக்கால் மணி நேரம். ஹை ஸ்ட்ரீட் வழியே இறங்கி நடந்தால் கடல் வந்துவிடும். நடக்கச் சிரமம் என்றால் இரண்டு ஸ்டேஷன் முன்னால் சாக்வெல்லில் இறங்குங்கள், கடற்கரை ஸ்டேஷனை ஒட்டியே இருக்கிறது.

ஆனால் டிக்கெட் எடுக்கும் முன் கடல் எப்போது ஏறுகிறது என்று பாருங்கள். வானிலையை எல்லோரும் பார்க்கிறார்கள், இதை மட்டும் விட்டுவிடுகிறார்கள். சென்னையில் கடல் ஏறி இறங்கும் உயரம் மிஞ்சிப்போனால் ஒரு மீட்டர் சொச்சம், பாக் நீரிணைப் பக்கம் அதைவிடக் குறைவு. அதனால் நமக்கு இதைக் கவனிக்கும் பழக்கமே வரவில்லை. சவுத்எண்டில் அது 5 மீட்டரைத் தாண்டும். மேற்கே வெஸ்டன்-சூப்பர்-மேரில் 12 மீட்டர் வரை போகும். கடல் வற்றிய நேரத்தில் போய் இறங்கினால் சவுத்எண்டில் கண்ணுக்கு எட்டிய தூரம் வரை சேறுதான். அங்கே கடலுக்குள் நீளும் பாலம் (பியர்) 2 கிலோமீட்டருக்கு மேல் நீளமாகக் கட்டப்பட்டதற்குக் காரணமே இதுதான், வற்றிய நேரத்திலும் கப்பலுக்குத் தண்ணீர் வேண்டுமே. (பாலத்தின் மேல் சின்ன ரயில் ஓடுகிறது. பிள்ளைகளுக்குப் பிடிக்கும்.)

கணக்கு எளிது. ஒரு ஏற்றத்துக்கும் (கடல் முழுதும் ஏறி நிற்கும் நேரம்) அடுத்த ஏற்றத்துக்கும் 12 மணி 25 நிமிடம். அதாவது ஒவ்வொரு நாளும் 50 நிமிடம் போலத் தள்ளிப்போகும். இந்தச் சனிக்கிழமை காலை 8 மணிக்கு ஏற்றம் என்றால் அடுத்தது இரவு எட்டரைக்குத்தான், பகல் முழுக்கச் சேறு. அதற்கடுத்த சனிக்கிழமை அதே ஏற்றம் மதியம் 2 மணி அளவில் வரும். அந்த நாளைத் தேர்ந்தெடுங்கள். ஏற்றத்துக்கு இரண்டு மணி நேரம் முன்னும் பின்னும் நல்ல தண்ணீர் இருக்கும். நாள் மாற்ற முடியாவிட்டால் த்ரீ ஷெல்ஸ் லகூன் பக்கம் போங்கள், கடல் வற்றினாலும் அங்கே பிள்ளைகள் கால் நனைக்கத் தண்ணீர் தங்கியிருக்கும். சேற்றில் மட்டும் தூரமாக நடந்து போகாதீர்கள்.

ஓத அட்டவணை (கடல் ஏறி இறங்கும் நேரப் பட்டியல்) ஜிஎம்டியில், அதாவது இங்கத்தைய குளிர்கால நேரத்தில் இருக்கிறதா, கோடை நேரத்திலா என்று பாருங்கள். ஜிஎம்டி என்றால் ஒரு மணி நேரம் கூட்ட வேண்டும். பலர் ஏமாறுவது இங்கேதான்.

டிக்கெட்: 5 வயதுக்குக் கீழே இலவசம். ஃபேமிலி அண்ட் ஃப்ரெண்ட்ஸ் ரயில்கார்டு எடுத்தால் பெரியவர்களுக்கு மூன்றில் ஒரு பங்கு, பிள்ளைகளுக்கு 60 சதவீதம் தள்ளுபடி. டிக்கெட்டில் 5 முதல் 15 வயதுக்குள் ஒரு பிள்ளையாவது இருக்க வேண்டும், உங்கள் ஒன்பது வயதுக்காரர் போதும். பேங்க் கார்டைத் தட்டிப் போனால் இந்தத் தள்ளுபடி கிடைக்காது. ஞாயிற்றுக்கிழமை போவதாக இருந்தால் முந்தின நாளே நேஷனல் ரயில் தளத்தைப் பாருங்கள். தண்டவாள வேலை நடந்தால் பஸ்ஸில் ஏற்றிவிடுவார்கள், பயண நேரம் இரட்டிப்பாகும்.

இரண்டாவது பதில்

கம்பர் சாண்ட்ஸ் போக யோசிக்கிற ஆக்களுக்கு ஒண்டு சொல்ல வேணும். நல்ல மணல், மணல் மேடு, பார்க்க ஊர்க் கடற்கரை மாதிரி இருக்கும், எங்கட சனம் விரும்பிப் போறதும் அதாலைதான். 2016 ஆகஸ்ட் 24 அண்டைக்கு லண்டனிலை இருந்து ஒரு நாள் பயணமாப் போன ஐஞ்சு இளைஞர் அங்கை கடலிலை செத்தவை. ஐஞ்சு பேரும் இலங்கைத் தமிழ்ப் பிள்ளையள். அண்டைக்கு அந்தக் கரையிலை உயிர்காப்பாளர் ஒருத்தரும் இல்லை. அதுக்குப் பிறகுதான் ஆர்.என்.எல்.ஐ. எண்ட கடல் மீட்புத் தொண்டு அமைப்பின்ரை ஆக்கள் வந்தவை.

அங்கை பயப்பட வேண்டியது அலைக்கு இல்லை. கடல் வத்தினால் கரை வெகுதூரம் தட்டையாக் கிடக்கும், இடையிலை இடையிலை மணல் திட்டு. திட்டுக்கும் கரைக்கும் நடுவிலை பள்ளம். கடல் ஏறேக்கை தண்ணி முதல் அந்தப் பள்ளத்திலைதான் நிரம்பும். திட்டிலை நிக்கிறவருக்கு முழங்கால் அளவுதான், ஆனால் திரும்பி வாற வழியிலை நிலை கொள்ளாது. ஏறுற வேகத்தையும் தெரிஞ்சு வையுங்கோ. ஆறு மணித்தியால ஏற்றத்தை 12 பங்காப் பிரிச்சால், முதல் மணியிலை 1 பங்கு, அடுத்ததிலை 2, மூண்டாவதிலையும் நாலாவதிலையும் மும்மூண்டு, பிறகு 2, கடைசியிலை 1. ஆறு மீட்டர் ஏறுற நாளிலை நடு ரெண்டு மணித்தியாலத்துக்குள்ளை மட்டும் மூண்டு மீட்டர் ஏறிவிடும். வத்தி முடிஞ்சு ஒரு மணித்தியாலத்திலை எல்லாரையும் கரைப் பக்கம் கூப்பிடுங்கோ.

எந்தக் கரையெண்டாலும் சிவப்பும் மஞ்சளும் சேர்ந்த கொடி ரெண்டுக்கு நடுவிலை மட்டும் குளியுங்கோ. உயிர்காப்பாளர் பாக்கிற இடம் அதுதான், பொதுவாக் காலை 10 தொடக்கம் பின்னேரம் 6 வரை. முழுச் சிவப்புக் கொடி எண்டால் இறங்கவே கூடாது. கறுப்பு வெள்ளைக் கட்டக் கொடி அலைப்பலகை, துடுப்புப் படகுக்காரருக்கு. செம்மஞ்சள் காத்துப் பை தூக்கியிருந்தால் காத்துக் கடலைப் பாத்து வீசுது எண்டு அர்த்தம், காத்தடிச்ச மிதவை ஒண்டும் தண்ணியிலை போடாதேங்கோ. பிள்ளையோடை இழுத்துக்கொண்டு போயிடும்.

ஆகஸ்டிலும் தண்ணி 17, 18 பாகைதான். திடீரெண்டு குதிச்சால் மூச்சு அடைக்கும், நல்லா நீந்தத் தெரிஞ்சவருக்கும் இதுதான் நடக்கும். அந்த நேரம் நீந்தப் பாக்காதேங்கோ. மல்லாந்து, காது தண்ணியிலை படத் தலையைச் சாய்ச்சு மிதந்தால் ஒண்டு ஒண்டரை நிமிசத்திலை மூச்சு சீராகும். ஒருத்தர் தத்தளிச்சால் பின்னாலை பாயாதேங்கோ. 999 அடிச்சு ‘கோஸ்ட்கார்ட்’ எண்டு கேளுங்கோ, மிதக்கிறது எதையாவது எறியுங்கோ.

மூன்றாவது பதில்

தங்கை, உடுப்பு விஷயம். சேலை, ஜீன்ஸ் நனைந்தால் கல்லாகக் கனக்கும், முழங்காலுக்கு மேல் தண்ணீரில் அவற்றோடு இறங்க வேண்டாம். நகரத்தில் வெயில் கொளுத்தினாலும் ஆளுக்கொரு ஜாக்கெட் எடுங்கள், கடற்காற்று குளிரும். நம் நிறத்துக்கு வெயில் சுடாது என்பது தப்பு, சன் க்ரீம் பிள்ளைகளுக்குக் கட்டாயம்.

எல்லோருக்கும் ரப்பர் செருப்பு. கடல் வற்றிய மணலில் வீவர் என்ற சின்ன மீன் முதுகு முள்ளை மட்டும் நீட்டிப் புதைந்திருக்கும். மிதித்தால் உயிர் போகிற வலி. முள்ளை எடுத்துவிட்டு, பொறுக்கிற சூட்டில் வெந்நீரில் அரை மணி நேரமாவது காலை வைக்க வேண்டும், சூட்டில்தான் அந்த விஷம் முறியும். உயிர்காப்பாளர் குடிசையில் கேட்டால் வெந்நீர் தருவார்கள்.

சாப்பாட்டுக்குப் புளிச்சோறு நல்லது. தயிர்ச்சோறும் முட்டையும் ஐஸ் பேக் வைத்த கூல் பேக்கில்தான். சீகல் பறவைகள் பின்னாலிருந்து வந்து பறிக்கும், சுவரில் முதுகு சாய்த்து உட்கார்ந்து சாப்பிடுங்கள். மரக்கறி மட்டும் சாப்பிடுகிறவர்கள் சிப்ஸ் வாங்கும் முன் எந்த எண்ணெயில் பொரிக்கிறார்கள் என்று கேளுங்கள், சில கடைகளில் மாட்டுக்கொழுப்பு. மீன் பொரித்த எண்ணெயிலேயே சிப்ஸும் போடுவது சாதாரணம்.

தூக்கி எறியும் பார்பிக்யூ பல கவுன்சில்களில் தடை. அனுமதி உள்ள இடத்திலும் கரியை மணலில் புதைக்காதீர்கள். மேலே தணிந்த மாதிரி இருக்கும், உள்ளே மணிக்கணக்காகச் சூடு நிற்கும், அடுத்து ஓடி வருகிற பிள்ளையின் கால்தான் வேகும். தண்ணீர் ஊற்றி அணையுங்கள்.

இடையில் ஒரு கேள்வி

நாங்கள் க்ராய்டன். பிரைட்டன் பிள்ளைகளுக்குச் சரியா அண்ணா?

முதல் பதிலளித்தவர்

போய்வரச் சுலபம், ஈஸ்ட் க்ராய்டனிலிருந்து நேர் ரயில், ஒரு மணி நேரத்துக்குள். ஆனால் ஆய்ஸ்டர் கார்டு கேட்விக் வரைதான் செல்லும். அதைத் தட்டி ஏறிப் பிரைட்டனில் இறங்கினால் அபராதம், முன்கூட்டியே டிக்கெட் எடுங்கள். கரை முழுக்கக் கூழாங்கல், சரிவு செங்குத்து. இரண்டு மூன்று அடி எடுத்து வைத்தாலே பெரியவர்களுக்கே நெஞ்சளவு வரும், அலை திரும்பும்போது காலடிக் கல்லையும் சேர்த்து இழுக்கும். சின்னப் பிள்ளைகள் கால் நனைக்க வேண்டும் என்றால் மார்கேட் போங்கள். செயின்ட் பாங்க்ரஸிலிருந்து ஒன்றரை மணி நேரம், நல்ல மணல். கிளிஃப்டன்வில் பக்கம் வால்போல் பே என்று கடலுக்குள் சுவர் கட்டிய குளம் ஒன்று உண்டு, கடல் வற்றினாலும் தண்ணீர் நிற்கும். ஏற்றத்தின்போது அந்தச் சுவர் மூழ்கிவிடும், அந்த நேரத்தில் அங்கே இறக்காதீர்கள்.